பல்லைச் சுத்தம் செய்ய யாருக்கு அனுமதி? பாரிஸ் முதல் புதுச்சேரி வரை ஒரு சின்னப் படிப்பின் கதை

பல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். டாக்டரைப் பற்றிச் சொல்வார். ஊசி போட்டபோது வலித்ததைச் சொல்வார். பில் எவ்வளவு ஆனது என்பதை இரண்டு முறை சொல்வார். பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கருவிகளைக் கிருமி நீக்கி வரிசையாக அடுக்கி வைத்தவர், பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்தவர், "இப்படித் தேய்க்காதீங்க, ஈறு தேயும்" என்று சொல்லி அனுப்பியவர், இவர்கள் யாருமே அந்தக் கதையில் வரமாட்டார்கள்.

இந்த வேலைகளுக்கென்று தனிப் படிப்புகள் இருக்கின்றன. ஒன்று டென்டல் அசிஸ்டென்ட் படிப்பு, இன்னொன்று டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பு. பிளஸ் டூ முடித்தவர்களிடம் "டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் இனிப்பு கொடுப்பார்கள். "ஹைஜீனிஸ்ட் படிக்கப் போகிறேன்" என்றால், "அப்படின்னா என்ன?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு சண்டையில் போய் நிற்க வேண்டியிருக்கும். ஒரு மனிதனின் வாய்க்குள் கை வைக்க யாருக்கு அனுமதி, எவ்வளவு தூரம் அனுமதி என்பதுதான் அந்தச் சண்டை. பிரெஞ்சுச் சட்டத்தின் கீழும் இந்தியச் சட்டத்தின் கீழும் வாழ்ந்த ஊர் புதுச்சேரி. அதனால் இங்கிருந்து பார்த்தால் கதை இன்னும் சுவாரசியமாக இருக்கும்.

பிரான்சில் பல்லுக்கு மட்டும் ஒரு நிபுணர்

பழைய காலத்தில் பல் பிடுங்குவது எல்லா நாட்டிலும் யார் வேண்டுமானாலும் செய்த வேலைதான். நாவிதர் செய்தார், கொல்லர் செய்தார், சந்தையில் வித்தை காட்டுபவரும் செய்தார். பிரான்சில் பதினான்காம் லூயி காலத்தில், 1699-ல், ஓர் ஆணை வந்தது. பல் வேலை மட்டும் செய்பவர்களுக்கும் தேர்வு வைத்து, "பல் நிபுணர்" என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் முழு அறுவை மருத்துவர்கள் இல்லை. பல்லுக்கு மட்டும் அனுமதி பெற்றவர்கள்.

அப்படிப்பட்ட சூழலில் வளர்ந்தவர்தான் பியேர் ஃபோஷார். 1728-ல் பல் அறுவை மருத்துவத்தைப் பற்றி இரண்டு பாகங்களில் ஒரு பெரிய நூல் எழுதினார். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று இன்றும் உலகம் அவரைத்தான் சொல்கிறது. பல் சொத்தைக்குப் புழுதான் காரணம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், "புழு எதுவும் கண்ணில் படவில்லை" என்று எழுதியவர். நம் ஊரிலும் "சொத்தைப் பல்லில் புழு" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. அந்த நம்பிக்கை உலகம் முழுக்க இருந்தது!

பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் பழைய ஆணைகள், தொழிற்சங்கங்கள் எல்லாம் கலைக்கப்பட்டன. கூடவே பல் நிபுணர் தேர்வும் போனது. கிட்டத்தட்ட நூறு வருடம் பிரான்சில் பல் பிடுங்க எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை. ஃபோஷார் பிறந்த நாட்டிலேயே இந்த நிலை.

அதே காலத்தில் மருத்துவத்தில் வேறொரு ஏற்பாடு நடந்தது. 1803-ல் வந்த சட்டம் மருத்துவர்களை இரண்டு வகையாகப் பிரித்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற டாக்டர் நாடு முழுவதும் வைத்தியம் பார்க்கலாம். குறைவாகப் படித்த "சுகாதார அதிகாரி" தன் மாவட்டத்துக்குள் மட்டும்தான் பார்க்கலாம். பெரிய அறுவை சிகிச்சை என்றால் டாக்டர் கூட இருக்க வேண்டும். கிராமங்களுக்கு டாக்டர் கிடைக்காததால் வந்த ஏற்பாடு இது. அரை அனுமதி என்று சொல்லலாம்.

1892 நவம்பர் 30-ஆம் தேதி வந்த சட்டம் இரண்டையும் ஒரே அடியில் மாற்றியது. சுகாதார அதிகாரி என்ற அரை அனுமதியை ஒழித்தது. பல் அறுவை மருத்துவர் என்ற பட்டத்தை உருவாக்கியது. இனிமேல் பல்லைத் தொட வேண்டுமென்றால் பட்டம் வேண்டும், இடையில் வேறு யாரும் கிடையாது என்பதுதான் அதன் பொருள். பிரான்ஸ் இந்தப் பிடியை நூறு வருடத்துக்கும் மேல் தளர்த்தவே இல்லை.

புதுச்சேரியின் உள்ளூர் மருத்துவர்கள்

அரை அனுமதி என்பது புதுச்சேரிக்கும் புதிதல்ல. ஜிப்மர் தன் தொடக்கமாகச் சொல்வது 1823-ல் பிரெஞ்சு அரசு இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியை. பிரெஞ்சுக் கடற்படையையும் காலனிப் படையையும் சேர்ந்த மருத்துவர்கள் பாடம் நடத்தினார்கள். படித்து முடித்தவர்களுக்குக் கிடைத்த பட்டத்தின் பெயர் "உள்ளூர் மருத்துவர்". பெயரிலேயே எல்லை இருக்கிறது. காலனிக்குள் வைத்தியம் பார்க்கலாம், பாரிஸில் போய்ப் பலகை மாட்ட முடியாது.

இதைக் கேட்டால் அவமானமாகத் தோன்றலாம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முழுப் பட்டம் பெற்றவர்கள் மட்டும்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்றிருந்தால், அந்தக் காலத்தில் பாகூரிலும் வில்லியனூரிலும் இருந்தவர்களுக்கு யார் கிடைத்திருப்பார்கள்? எல்லையோடு கூடிய அனுமதி சிலருக்குத் தாழ்வாகவும், வேறு வழியே இல்லாதவர்களுக்கு உயிர் காப்பதாகவும் இருந்தது. இந்த இரண்டு முகத்தையும் மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போவோம். ஏனென்றால் பல் துறையில் இந்த யோசனை புதிதாகப் பிறந்தது அங்கேதான்.

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெண்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் எட்மண்ட் கெல்ஸ் என்று ஒரு பல் மருத்துவர். 1885-ல் அவர் மல்வினா குவேரியா என்ற பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டார். உலகின் முதல் டென்டல் அசிஸ்டென்ட் என்று பாடப் புத்தகங்கள் இவரைத்தான் குறிப்பிடுகின்றன.

அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக ஆண் மருத்துவரின் அறைக்குள் போவது மரியாதையாகக் கருதப்படவில்லை. கணவரோ வேலைக்காரியோ துணைக்கு வரவேண்டும். மருத்துவமனையிலேயே ஒரு பெண் இருக்கிறார் என்று தெரிந்ததும் பெண்கள் தனியாக வரத் தொடங்கினார்கள். "இங்கே பணிப்பெண் உண்டு" என்று பல் மருத்துவர்கள் ஜன்னலில் எழுதிப் போடும் அளவுக்கு இது பரவியது. ஆக, அசிஸ்டென்ட் என்ற வேலை முதலில் நோயாளியின் கூச்சத்தைப் போக்கத்தான் வந்தது. கருவி எடுத்துக் கொடுப்பது, மருந்து கலப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

கெல்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல் மருத்துவத்தில் எக்ஸ்ரேயை அமெரிக்காவில் முதன்முதலில் பயன்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். அதன் ஆபத்து அப்போது யாருக்கும் தெரியாது. கையில் பிடித்துக்கொண்டே படம் எடுத்தார். விரல்களில் புற்றுநோய் வந்தது, ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார்கள், பிறகு கையே போனது. 1928-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இன்று அசிஸ்டென்ட் மாணவர்களுக்கு, "படம் எடுக்கும்போது பிலிமை நீங்கள் பிடிக்கக் கூடாது, தள்ளி நில்லுங்கள்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இப்படி ஒரு விலை இருக்கிறது.

கார் ஷெட்டில் தொடங்கிய கல்லூரி

அசிஸ்டென்ட் நோயாளியின் பல்லைத் தொடுவதில்லை. தொடும் உரிமையோடு ஒருவரை உருவாக்கியவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ். கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற தொழிற்சாலை நகரத்தில் பல் மருத்துவராக இருந்தவர்.

சொத்தையை அடைப்பதும் பல்லைப் பிடுங்குவதும் தீயணைப்பு வேலை மாதிரி என்று ஃபோன்ஸுக்குத் தோன்றியது. நெருப்பே பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டாமா? ஃபிலடெல்ஃபியாவில் டி.டி. ஸ்மித் என்ற மருத்துவர் தன்னிடம் வருபவர்களின் பல்லை அடிக்கடி சுத்தம் செய்தே நோய் வராமல் தடுத்துக்கொண்டிருந்தார். ஃபோன்ஸ் அதைப் பின்பற்றினார். ஆனால் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம் செலவிட ஒரு மருத்துவரால் முடியாது. எனவே 1906-ல் தன் உதவியாளரும் உறவுப் பெண்ணுமான ஐரீன் நியூமனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். பிடுங்கிய பற்களில் பழகவைத்து, பிறகு நோயாளிகளிடம் அனுமதித்தார்.

இந்த வேலைக்கு என்ன பெயர் வைப்பது? "பல் நர்ஸ்" என்று சிலர் சொன்னார்கள். ஃபோன்ஸுக்கு அது பிடிக்கவில்லை. நர்ஸ் என்றால் நோய் ஞாபகம் வருகிறது, இவர் காப்பாற்றப் போவது ஆரோக்கியத்தை என்றார். சுகாதாரம் என்ற சொல்லிலிருந்து "ஹைஜீனிஸ்ட்" என்ற பெயர் பிறந்தது.

1913 நவம்பரில் தன் மருத்துவமனையை ஒட்டியிருந்த கார் ஷெட்டை வகுப்பறையாக மாற்றி முதல் வகுப்பைத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்து அந்த ஷெட்டில் பாடம் எடுத்தார்கள். மறு வருடம் 27 பெண்கள் படித்து முடித்தார்கள். அவர்களில் பலர் நேராகப் போனது பிரிட்ஜ்போர்ட் நகரப் பள்ளிக்கூடங்களுக்கு! வகுப்பறையிலேயே குழந்தைகளின் பல்லைச் சுத்தம் செய்தார்கள், துலக்கக் கற்றுக்கொடுத்தார்கள், பெற்றோர்களிடம் பேசினார்கள். சில வருடங்களில் குழந்தைகளின் சொத்தை வெகுவாகக் குறைந்ததை ஃபோன்ஸ் ஊருக்குக் காட்டினார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹைஜீனிஸ்ட் என்ற தொழில் வளர்ந்ததே பள்ளிக்கூடத்துக்காக. தனியார் கிளினிக்கில் டாக்டரின் நேரத்தை மிச்சப்படுத்துவது அதன் துணைப் பயன்தான்.

1915-ல் கனெக்டிகட் சட்டம் இந்தத் தொழிலை ஏற்று, எதுவரை செய்யலாம் என்று கோடு போட்டது. 1917-ல் ஐரீன் நியூமன் உலகின் முதல் உரிமம் பெற்ற ஹைஜீனிஸ்ட் ஆனார். பிறகு இந்தப் படிப்பு அமெரிக்கா முழுவதும் பரவியது. இன்று அங்கே பெரும்பாலும் டெக்னிக்கல் காலேஜ், கம்யூனிட்டி காலேஜ்களில் இதைக் கற்றுத் தருகிறார்கள். நல்ல சம்பளமும் மரியாதையும் உள்ள வேலை அது. எஸ்தர் வில்கின்ஸ் என்ற அம்மையார் முதலில் ஹைஜீனிஸ்டாகப் படித்து, பிறகு பல் மருத்துவரும் ஆனவர். அவர் 1959-ல் வெளியிட்ட பாடநூல் பதிப்புக்கு மேல் பதிப்பாக இன்றும் மாணவர்களின் கையில் இருக்கிறது.

கோடு எங்கே என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. 1949-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு சோதனைக்கு அனுமதி கொடுத்தது. பாஸ்டனில் உள்ள ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் ஹைஜீனிஸ்டுகளுக்குக் குழந்தைகளின் சொத்தையை அடைக்கவும் கற்றுக்கொடுக்கலாம் என்பதே அது. பல் மருத்துவர் சங்கங்கள் கொதித்து எழுந்தன. மறு வருடமே சட்டம் ரத்தானது.

நியூசிலாந்து, பினாங்கு, மகரகம

அமெரிக்கா பயந்ததை நியூசிலாந்து எப்போதோ செய்துவிட்டது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பற்கள் மிக மோசமாக இருந்ததைப் பார்த்து அந்த நாடு அதிர்ந்தது. 1921-ல் தாமஸ் ஹன்டர் என்பவரின் தலைமையில் வெலிங்டனில் இளம் பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி தொடங்கியது. இவர்கள் சுத்தம் செய்வதோடு நிற்கவில்லை. பள்ளிக் குழந்தைகளுக்குச் சொத்தை அடைத்தார்கள், பால் பல் பிடுங்கினார்கள். பள்ளி வளாகத்திலேயே சின்னக் கிளினிக். பிள்ளைகள் அதற்கு "கொலை வீடு" என்று பட்டப்பெயர் வைத்தது தனிக்கதை! பயந்துகொண்டே போனாலும் பல்லோடு திரும்பி வந்தார்கள்.

இந்த முறை தமிழர்கள் வாழும் இரண்டு இடங்களுக்கு வந்து சேர்ந்தது. 1949-ல் மலாயாவின் பினாங்கில் பல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1950-களில் நியூசிலாந்தின் உதவியோடு இலங்கையில் மகரகமவில் பயிற்சி தொடங்கியது. இலங்கையில் பள்ளிப் பல் சிகிச்சையாளர் என்ற பணி இன்றும் இருக்கிறது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் வந்த யோசனை, இந்தப் பக்கம் ஏன் வரவில்லை?

சோடா கடையும் 1948 சட்டமும்

இந்தியாவில் பல் மருத்துவக் கல்வியைத் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அவர் பிறந்த டிசம்பர் 24-ஐத்தான் இந்தியாவில் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-ல் பட்டம் பெற்று, பாஸ்டனில் மேலே சொன்ன அதே ஃபோர்சைத்தில் வேலை பார்த்தவர். 1916-ல் அங்கே ஹைஜீனிஸ்ட் பயிற்சி தொடங்கியது. அந்தத் தொழில் பிறந்து நடை பழகிய காலத்தில் ஓர் இந்தியர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

ஊர் திரும்பிய அகமது 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அரசு பணம் தரவில்லை. "நியூயார்க் சோடா ஃபவுன்டன்" என்ற பெயரில் ஒரு குளிர்பானக் கடை நடத்தி அந்த வருமானத்தில் கல்லூரியை நடத்தினார். இனிப்பு விற்ற காசில் பல் மருத்துவம்!

அன்றைய இந்தியாவில் பட்டம் பெற்ற பல் மருத்துவர்கள் மிகக் குறைவு. கல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் பரம்பரையாகப் பல் கட்டும் சீனக் குடும்பங்கள் இருந்தன. கிராமங்களில் சந்தை நாளில் துணி விரித்து உட்கார்ந்து பல் பிடுங்குபவர்கள் இருந்தார்கள். இந்த நிலையில் 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பட்டம் இல்லாமல் ஏற்கனவே ஐந்து வருடம் இதே பிழைப்பாக இருந்தவர்களையும் தனிப் பிரிவில் பதிவு செய்ய அது வழி வைத்தது. அவர்களை ஒரே நாளில் தெருவில் நிறுத்தவில்லை. 1949-ல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது.

அந்தச் சட்டம் இன்னும் இரண்டு தொழில்களுக்கும் பெயர் கொடுத்தது. ஒன்று, பல் செட் செய்யும் டென்டல் மெக்கானிக். இன்னொன்று, டென்டல் ஹைஜீனிஸ்ட். டாக்டர் அல்லாத ஒருவர் பல்லில் காரை எடுக்கலாம், சுத்தம் செய்யலாம், மெருகேற்றலாம், அல்லது பல் சுகாதாரத்தைச் சொல்லித் தரலாம் என்று அதன் விளக்கம் போகிறது. ஆக நான்கு வேலைகள். முதல் மூன்றுக்கும் நாற்காலி வேண்டும், விளக்கு வேண்டும், கருவி வேண்டும். நாலாவது வேலைக்கு ஒரு கரும்பலகை போதும்.

கருவி பிடித்து உதவும் அசிஸ்டென்டுக்கு அந்தச் சட்டத்தில் பெயரே இல்லை. பல காலம் அது கிளினிக்கில் சேர்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலையாகவே இருந்தது. பிறகுதான் அதற்கும் பல் அறுவை அறை உதவியாளர் என்று ஒரு குறுகிய படிப்பு வந்தது. ஹைஜீனிஸ்ட் படிப்பு இரண்டு வருடம். பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் சேரலாம்.

சட்டம் வந்தது, பள்ளிக்கூடம் வரவில்லை. பிரிட்ஜ்போர்ட் போல, மகரகம போல, ஹைஜீனிஸ்டைக் குழந்தைகளிடம் அனுப்பும் ஒரு நிரந்தர ஏற்பாடு இந்தியாவில் பெரிய அளவில் உருவாகவில்லை. அவர்கள் ஆஸ்பத்திரிகளிலும் கல்லூரிகளிலும் தனியார் கிளினிக்குகளிலும் தங்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம் 1980-களுக்குப் பிறகு தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் பெருகின. இன்று நாட்டில் 300-க்கும் மேல் இருக்கின்றன. வருடா வருடம் ஆயிரக்கணக்கில் பல் டாக்டர்கள் வெளியே வருகிறார்கள். வேலை தேடும் இளம் டாக்டர் ஸ்கேலிங்கையும் தானே செய்துவிடுவார். அப்புறம் ஹைஜீனிஸ்ட் எதற்கு என்ற எண்ணம் வந்தது.

ஆனால் குழந்தைகளின் வாயில் என்ன நடந்தது? பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் மேல் சொத்தைப் பல் இருந்தது. டாக்டர்கள் நகரத்தில் குவிந்தார்கள், சொத்தை எல்லா இடத்திலும் பரவியது.

இரண்டு சட்டங்களுக்கு நடுவில் புதுச்சேரி

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. பழைய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வாரிசாக 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. அதுவே 1964-ல் ஜிப்மர் ஆனது. கோரிமேட்டுப் பக்கம் இந்திரா நகரில் 1990-களின் தொடக்கத்தில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி வந்தது. பிறகு தனியார் கல்லூரிகளும் சேர்ந்தன. இந்தச் சின்ன ஊரின் மக்கள்தொகைக்கு இது நிறையவே.

கம்யூனிட்டி காலேஜ் என்ற அமெரிக்க யோசனையும் இந்தியாவில் முதலில் கால் வைத்தது இங்கேதான் என்பது பலருக்குத் தெரியாது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் 1995-ல் லாஸ்பேட்டையில் தொடங்கியது. பெரிய பட்டத்துக்குக் காத்திராமல் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்பதே இதன் அடிப்படை. ஹைஜீனிஸ்ட் படிப்பு அமெரிக்காவில் வேர் பிடித்ததும் இதே மண்ணில்தான்.

இங்கேதான் புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. இந்த ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பல. பிள்ளைகள் படித்துவிட்டுப் பிரான்சுக்குப் போவது சகஜம். இந்தியச் சட்டப்படி ஹைஜீனிஸ்டாகப் பதிவு பெற்ற ஒருவர் பாரிஸில் போய் இறங்கினால், அப்படி ஒரு தொழிலே அங்கே சட்டத்தில் கிடையாது! 1892-ல் போட்ட பூட்டு அவ்வளவு உறுதியானது. அசிஸ்டென்ட் உண்டு. அதையும் மருத்துவச் சட்டத் தொகுப்பில் முறைப்படி சேர்த்தது 2016-ல்தான். 2023 மே மாதம் வந்த ஒரு சட்டம் "இரண்டாம் நிலை அசிஸ்டென்ட்" என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து, பல் சுத்தம், நோய்த் தடுப்பு போன்ற சில வேலைகளுக்கு வழி திறந்தது. ஐரீன் நியூமன் உரிமம் பெற்று நூறு வருடம் கழித்து, ஃபோஷார் பிறந்த நாடு பாதிக் கதவைத் திறந்திருக்கிறது.

அமெரிக்காவிலும் நேராகப் போய் வேலைக்குச் சேர முடியாது. பெரும்பாலான மாநிலங்கள் அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அன்றைய "உள்ளூர் மருத்துவர்" பட்டத்தைப் போலவே ஹைஜீனிஸ்ட் பட்டமும் எல்லை தாண்டும்போது கனம் குறைகிறது. இந்தப் படிப்பில் சேர நினைக்கும் மாணவர்கள் இதைச் சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவிலும் சட்டம் மாறிக்கொண்டிருக்கிறது. 1948 சட்டத்தின் இடத்தில் வைக்க, தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கோடு எங்கே போடுவது என்ற பழைய கேள்வி புதிய மேசைக்கு வந்திருக்கிறது.

அந்தப் படிப்பில் என்னதான் இருக்கிறது?

"பல்லைத் தேய்க்க இரண்டு வருடப் படிப்பா?" என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. சாப்பிட்ட பிறகு பல்லின் மேல் கிருமிகள் சேர்ந்து மெல்லிய படலமாகப் படியும். இதைப் பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து அது காரையாக இறுகும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. காரையின் சொரசொரப்பில் மேலும் கிருமி சேரும். ஈறு வீங்கி ரத்தம் கசியும். கடைசியில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரையும். வலி இல்லாமலேயே இவ்வளவும் நடக்கும் என்பதுதான் ஆபத்து.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத காரையை விரல் நுனி உணர்வால் கண்டுபிடிக்க வேண்டும். ஈறைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும். நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். கருவிகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்க வேண்டும். புகையிலை, பாக்குப் போடுபவரின் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அது புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். இதற்கு இரண்டு வருடம் அதிகமா?

இன்னொரு பெரிய வேலை, பயத்தைப் போக்குவது. "ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும்" என்று நம் ஊரில் ஆணித்தரமாகச் சொல்வார்கள். ஆலும் வேலும் இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள். நோயால் எலும்பு கரைந்து பல் ஏற்கனவே ஆடத் தொடங்கியிருக்கும். நடுவில் இறுகிய காரைதான் அதைச் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் உண்மை தெரிகிறது, பழி ஸ்கேலிங் மேல் விழுகிறது. இதை டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, "இங்கே பாருங்கம்மா" என்று காட்ட ஒருவர் வேண்டும்.

சட்டம் சொன்ன நாலாவது வேலை அதுதான். ஃபோன்ஸ் தன் 27 மாணவிகளை நம்பி ஒப்படைத்ததும் அதைத்தான். இந்தியா அந்த வார்த்தையை 1948-லேயே எழுதிவைத்துவிட்டது. முத்தியால்பேட்டையிலும் அரியாங்குப்பத்திலும் ஒரு அரசுப் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் ஒரு ஹைஜீனிஸ்ட் போய்வந்தால் அதற்குப் புதிதாக எந்தக் கட்டடமும் வேண்டாம். ஒரு கண்ணாடி, ஒரு டார்ச், ஒரு பெரிய பிளாஸ்டிக் பல் மாடல், கூடவே பிள்ளைகளிடம் பேசத் தெரிந்த ஒருவர் போதும்.

அடுத்த முறை பல் ஆஸ்பத்திரிக்குப் போனால் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நான் சரியாகத் தேய்க்கிறேனா?" கருவி எடுத்துக் கொடுப்பதை மட்டும் படித்தவரா, நாலாவது வேலையையும் படித்தவரா என்று அவர் சொல்லும் பதிலிலேயே தெரிந்துவிடும்.